இதயம் பேரிங் இல்லை

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய என் வீட்டுக்காரர் கட்டிலைவிட்டு இறங்கவேயில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தினமும் மெதுவாக நடக்கச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். இவரோ குளியலறைக்குப் போவதையே காசி யாத்திரையாக நினைத்தார்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் அவர். அங்கே கற்ற வித்தையை அப்படியே கொண்டுவந்து தன் நெஞ்சில் மாட்டிவிட்டார். மெஷினில் தண்டைச் சுழலவிடும் பேரிங் ஓட ஓடத் தேயுமாம். ரிப்பேர் பார்த்த மெஷினுக்கு லோடு கொடுக்கக் கூடாதாம். மிச்சமிருக்கிற துடிப்பைச் சிக்கனமாகச் செலவு செய்கிறாராம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்குத் தூபம் போடப் பக்கத்து ஊரான பேரிகையிலிருந்து அவருடைய அக்கா வந்து உட்கார்ந்துகொண்டார். சோற்றுத் தட்டு கட்டிலுக்கே போயிற்று. தம்பியின் கால் தரையில் பட்டால் போதும், எதற்குச் சாமி எழுந்திருக்கிறாய் என்று ஓடிவருவார். பார்க்க வந்த சொந்தமெல்லாம் ஆப்பிளை வைத்துவிட்டு, நன்றாக ரெஸ்ட் எடு என்று சொல்லிவிட்டுப் போனது. நடக்கச் சொன்ன நான்தான் ஈவிரக்கம் இல்லாதவள்.

மறுபரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரிடமும் பேரிங் கதையை அளந்தார். டாக்டர் சிரிக்கவில்லை. இதயத் தசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று சக்தி தயாரிக்கும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. ஒழுங்காக நடந்து வந்தால் அவற்றில் பழுதானவை கழிந்து புதியவை உருவாகும். ரத்தம் குறைகிற நேரத்தில்கூடச் செல் ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்றார். செத்த செல்கள் அநேகமாகத் திரும்புவதில்லையாம். பிழைத்தவற்றைக் காப்பாற்றத்தான் இந்த நடையாம்.

"பேரிங் தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்காதுங்க, செல் பண்ணிக்கும்," என்றார். "ஆனா நீங்க நடக்கணும்."

இவர் பெரிதாகத் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி கட்டில்.

அன்று மாலை வெடித்துவிட்டேன். செருப்பை எடுத்துவந்து கட்டிலுக்கு முன்னால் போட்டேன். நாத்தனார் குறுக்கே வந்தார். நகருங்கள் அண்ணி என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டார். உடம்பு வளையாத சோம்பேறி, டாக்டர் சொல்லியும் புத்தி வராத ஜென்மம் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். இவர் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நடந்தா நெஞ்சு வேகமா அடிக்குது," என்றார் கடைசியில். "அன்னிக்குக் கம்பெனியில விழறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் அடிச்சுது. பயமா இருக்கு."

இத்தனை நாளும் பேரிங் பேரிங் என்று என் உயிரை வாங்கியது இதற்குத்தானா? இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? என் கோபம் இறங்கவில்லை, இன்னும் ஏறியது.

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? ராத்திரியெல்லாம் உங்க மூக்குகிட்ட கை வெச்சு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டுக் கிடக்கறேன். உங்களுக்காவது அக்கா இருக்காங்க, எனக்கு யாரு இருக்கா? எந்திரிங்க. நானும் வரேன்."

எழுந்தார். செருப்பை மாட்டினார். லாரிகள் கிளப்பிய புழுதியில் தெருமுனை டீக்கடை வரைக்கும் நடந்தோம். போகும்போதும் திட்டினேன், வரும்போதும் திட்டினேன். என் கையை அவர் விடவேயில்லை.