ரூபாவின் கையில் வந்த முயல் சொறி

சித்தூர் மிட்டூரில் ரூபா நடத்துகிற பார்லருக்கு வருகிறவர்கள், நாற்காலியில் சாய்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். புருவம் எடுக்க வந்தாலும் சரி, ஃபேஷியலுக்கு வந்தாலும் சரி. மூடிய பிறகு அந்த முகம் முழுசாக அவள் கையில்தான். பேங்க் மேனேஜர், மாந்தோப்புக்காரர் வீட்டு அம்மா, காலேஜ் லெக்சரர், யாராக இருந்தாலும் அதில் வித்தியாசமில்லை. கடை வைத்து இத்தனை வருஷமாகியும் அந்தக் கணம் ரூபாவுக்குப் பழகிப்போகவில்லை. உள்ளே ஏதோ ஒன்று லேசாக நிமிரும்.

அதற்குக் காரணம் உண்டு. அவளுடைய ஊர் குடிபாலாவுக்குப் பக்கத்தில், வேலூர் எல்லையை ஒட்டிய கிராமம். அம்மா செல்லியம்மா கழனி வேலைக்கும் வேர்க்கடலை பிடுங்கவும் கூலிக்குப் போனவள். வேலை நடுவே தாகமெடுத்தால் கழனிக்காரர் வீட்டம்மா செம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். குவித்த கையில் வாங்கிக் குடிக்க வேண்டும். செம்பு கையில் பட்டுவிடக் கூடாது. சின்ன வயதில் அம்மாவோடு போய் ரூபா அதைப் பார்த்திருக்கிறாள். அதைப் பற்றி அம்மாவும் மகளும் ஒரு நாளும் பேசியதில்லை.

ரூபா பன்னிரண்டாவதுக்குச் சமமான இண்டர் முடித்தாள், வேலூரில் பியூட்டீஷியன் படித்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், அது சரிப்படாமல் திரும்பி வந்தாள், கடை போட்டாள். கடைக்குப் பின்னாலிருக்கும் இரண்டு அறையில் அவளும் அம்மாவும் இருந்தார்கள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் "குடிபாலா பக்கம்" என்பாள். ஊரில் எந்தப் பக்கம், ஊர்த்தெருவா காலனியா என்று அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவாள்.

முயல்கள் பொன்னியம்மாள் வீட்டிலிருந்து வந்தன. பொன்னியம்மாள் நகரி பக்கத்து விவசாயக் குடும்பம். கணவர் கோவர்த்தனனுக்கு மாந்தோப்பு. ரூபாவிடம் ரொம்ப வருஷமாக வருகிறவள், தெலுங்கு பேசுகிற ஊரில் தன்னோடு தமிழ் பேச ஒருத்தி என்ற பிரியமும் உண்டு. மகள் காவ்யா படிக்க ஐதராபாத் கிளம்பியபோது, "ரெண்டு முயல் கீது ரூபா. பாத்துக்க ஆள் இல்ல. நீ வச்சிக்கிறியா?" என்று கேட்டாள். ரூபாவுக்கு மாட்டேன் என்று சொல்லத் தோன்றவில்லை. வெள்ளைக்கு லட்டு, பழுப்புக்குக் கோக்கோ என்று காவ்யா பேர் வைத்திருந்தாள்.

செல்லியம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது? துன்றதுக்கா?"

"வளக்கறதுக்கும்மா."

"வளத்து?"

"சும்மா."

செல்லியம்மாவுக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. ஆனால் மறுநாளே எங்கிருந்தோ ஒரு கை அருகம்புல் பறித்துக்கொண்டு வந்தாள்.

கடை சாத்தியதும் லட்டுவை மடியில் வைத்து, இரண்டு முன்னங்கைக்கு நடுவே அணைத்துக்கொண்டு உட்காருவது ரூபாவுக்குப் பழக்கமாயிற்று. நாள் முழுக்க அந்நிய முகங்களைத் தொட்டவளுக்கு அது வேறு மாதிரித் தொடுதல். எதையும் அழகாக்க வேண்டியதில்லை. லட்டுவின் பிடரிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்வதைப் பார்த்து, "உனக்கும் பொடுகா?" என்று சிரித்தாள். பழைய சீப்பால் வாரிவிட்டாள். தலைமுடி தெரிந்தவள், பொடுகு என்றே முடிவு கட்டிவிட்டாள். கோக்கோவிடம் அதுவும் இல்லை.

மாசி முடிகிற நேரத்தில் அவளுக்கு அரிப்பு வந்தது. முன்னங்கையின் உள்பக்கம், அடிவயிறு, அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். மெடிக்கலில் களிம்பு வாங்கிப் போட்டாள். அடங்கும், மறுபடி கிளம்பும். ப்ளீச் க்ரீம்தான் காரணமென்று கம்பெனியை மாற்றினாள். அப்புறம் ஹேர் டை மேல் பழி போட்டாள். சித்தூர் வெயில் கொளுத்த ஆரம்பித்த நாட்களில் அவள் மட்டும் முழுக்கை போட்டுக்கொண்டு நின்றாள்.

சந்தப்பேட்டையிலிருந்து வந்த ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஒத்திகை மேக்கப் போட்டுக்கொண்டிருந்தபோது முழுக்கை மேலே ஏறிவிட்டது. கூட வந்த சித்தி பார்த்துவிட்டாள். அது என்ன என்று தெலுங்கில் கேட்டாள். அலர்ஜி என்றாள் ரூபா. சித்தி ரூபாவின் கையை மறுபடி பார்த்தாள். பிறகு, சம்பந்தமே இல்லாதது போல, "மீதி ஏ ஊரு?" என்று எந்த ஊர் என விசாரித்தாள். ரூபா வழக்கமான பதிலைச் சொன்னாள். அன்றைக்குப் பேச்சை மாற்ற முடியவில்லை. குடிபாலா பக்கம் எங்கே, அங்கே யாரைத் தெரியும் என்று கேள்வி வந்துகொண்டே இருந்தது. மறுநாள் போன் வந்தது. வேலூரிலிருந்து வேறு ஆள் வருகிறார்களாம், தப்பாக நினைக்க வேண்டாமாம்.

அதற்கப்புறம் கடை மெல்ல மெல்ல ஓய்ந்தது. பொன்னியம்மாளும் வரவில்லை. வழக்கமாக வரும் லெக்சரர் கல்பனா, கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். சொல்லலாமா கூடாதா என்று தயங்கித்தான் சொன்னாள்.

"பொன்னியம்மா நாலு பேர்கிட்ட பேசியிருக்காங்க ரூபா. உன் கைல ஏதோ சொறி வந்திருக்காம். அந்த மாதிரி எடத்துல இருந்து வர்றவங்களுக்குச் சுத்தம் பத்தாதாம்."

ரூபா தலையாட்டினாள். கல்பனாவுக்குப் புருவம் எடுத்துவிட்டு அனுப்பினாள். பின்பு சோப்புப் போட்டுக் கை கழுவினாள். கழுவி முடித்துத் துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினாள். என்ன செய்கிறோம் என்று உறைத்ததும் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள்.

தோல் டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். "சிரங்குன்னா விரல் இடுக்குல வந்திருக்கணும். உங்களுக்கு அங்க ஒண்ணுமில்ல. முன்னங்கை, வயிறு... எதையாவது தூக்கி வச்சிக்கிறீங்களா? வீட்ல நாய், பூனை?"

"முயல் இருக்குங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். முயலின் ரோமத்தில் கண்ணுக்குத் தெரியாத உண்ணி இருக்கும், அது மனுஷர் மேல் ஏறிக் கடிக்கும், ஆனால் மனுஷத் தோலில் குடியிருக்க முடியாது, கொஞ்ச நாளில் செத்துவிடும் என்று சொன்னார். "உங்ககிட்ட ஒரு நோயும் இல்லம்மா. முயலுக்கு வைத்தியம் பண்ணுங்க, இது தானா போயிடும்."

செய்தியைக் கேட்ட செல்லியம்மா, "காட்டுல வுட்டுட்டு வந்துடலாம்," என்றாள். 

"காட்டுல வுட்டா நாய் துன்னுடும்மா."

"உம் பொழப்பத்தான் இப்ப நாய் துன்னுக்கினு கீது. முயல்தான் காரணம்னு சொன்னா மட்டும் நம்பிடுவாங்களா? நம்மளச் சொல்ல அவங்களுக்கு முயலு வேணுமா இன்னா?"

ரூபா போனைக் கையில் எடுத்தாள். முயல்களுக்கு இது எத்தனை நாளாக இருக்கிறது என்று மிருக டாக்டர் கேட்பார் என்பதால் காவ்யாவுக்குப் போன் செய்தாள்.

"வாங்கனப்பவே இருந்துச்சுக்கா," என்றாள் காவ்யா. "எனக்கு வந்துச்சு, அம்மாவுக்கு என்னைவிட ஜாஸ்தி. அதனாலதான் அம்மா யாருக்காவது குடுத்துடலாம்னாங்க. உங்களுக்குமா வந்திருக்கு? ஸாரிக்கா, சொல்லியிருக்கணும்."

அந்தப் பெண்ணுக்கு அம்மா பேசியது எதுவும் தெரியாது என்று குரலிலேயே தெரிந்தது. பரவாயில்லை என்று சொல்லி ரூபா போனை வைத்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். முதலில் வந்தது கோபமில்லை. ஒரு மாதிரி அசதி. தன் கையில் இருந்த அதே அரிப்பைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, பொன்னியம்மாள் இதே நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

மெடிக்கல் கடை பாஸ்கர் நல்ல மனுஷன். சொன்னதும், நாய்களுக்கு உண்ணி போகப் பிடரியில் விடுகிற சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தான். அவன் வீட்டு நாய்க்கு நன்றாகக் கேட்டதாம். சாயங்காலம் லட்டுவை மடியில் வைத்து முடியை விலக்கிவிட்டாள். மருந்துப் பெட்டி மேல் நாய்ப் படமும் பூனைப் படமும்தான் இருந்தன, முயல் இல்லை. அவளுடைய தொழிலில் தலைக்குப் போடுவதை முகத்துக்குப் போட்டால் என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும். மூடியைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள்.

காலை பஸ்ஸில் கூடையோடு திருப்பதிக்குப் போனாள். பூதலப்பட்டு தாண்டும்வரை கோக்கோ கூடையைப் பிராண்டிக்கொண்டே வந்தது. கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மாடும் ஆடும் நாயும் நின்ற வரிசையில் தானும் நின்றாள். முயல் பார்த்த டாக்டர் இளவயதுப் பெண், பேச்சு முழுக்கத் தெலுங்கு. லட்டுவின் முதுகில் ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பிறகு ரூபாவைக் கூப்பிட்டு, "நீங்களும் பாருங்க," என்றாள்.

ரூபா ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். வெளிச்சத்துக்கு நடுவே கண்ணாடி மாதிரி ஓர் உடம்பு, எட்டுக் கால், ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. அசிங்கமாகக்கூட இல்லை. அதற்கு அவள் யார், பொன்னியம்மாள் யார் என்று தெரியாது. வெதுவெதுப்பான தோல் கிடைத்தால் ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான். கண்ணை எடுக்க மனசில்லாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பையிலிருந்த சொட்டு மருந்தைக் காட்டினாள். டாக்டரின் முகம் மாறியது. "போட்டுட்டீங்களா?"

"இல்லைங்க."

"நல்லவேளை. இதுல ஃபிப்ரோனில் இருக்கு. நாய்க்கு மருந்து, முயலுக்கு விஷம். வலிப்பு வந்து செத்தே போயிடும்."

இரண்டையும் தராசில் நிறுத்து, எடைக்குத் தக்கபடி ஊசி போட்டாள். செதில் இல்லாத கோக்கோவுக்கும் போட்டாள். வெளியே தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகாது என்றாள். முட்டைகளை ஊசி கொல்லாது, பொரித்து வருவதைக் கொல்ல இரண்டு வாரம் விட்டு மறுபடி வரணும், அதற்கப்புறமும் ஒரு தடவை. குளிப்பாட்டக் கூடாது, முயல் பயத்திலேயே போய்விடும். வேப்பெண்ணெய் பூசினால் நக்கிவிடும், அதுவும் வேண்டாம். கூண்டில் போட்ட சாக்கை எரித்துவிட வேண்டும், துணியெல்லாம் வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும். "முயல் இல்லாத எடத்துலயும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கும் இது," என்றாள்.

கடைசியாகச் சொன்னது ரூபாவின் மனசில் தங்கிவிட்டது. முயல்களின் பழைய கூண்டு இன்னும் பொன்னியம்மாள் வீட்டில்தான் இருந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாம். இரண்டு நாள் அந்த எண்ணத்தோடே இருந்தாள், அதில் ஒரு சுகம்கூட இருந்தது. மூன்றாம் நாள் வெயில் தாழ்ந்ததும் கிளம்பிப் போனாள். நல்லெண்ணமா, பொன்னியம்மாளின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமென்ற ஆசையா, எது என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை.

பொன்னியம்மாள் கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றாள்.

"முயலுக்குப் பூச்சி இருந்துச்சும்மா. வைத்தியம் பண்ணிக்கினு கீறேன். பழைய கூண்டு இங்க இருந்தா அதுலயும் இருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. உங்களுக்கு இன்னும் அரிக்குதா?"

"எங்க வூட்ல அதெல்லாம் இல்ல."

"காவ்யா சொல்லிச்சும்மா."

பொன்னியம்மாளின் கை தானாக முந்தானையை இழுத்து மறு கைமேல் போட்டது. தெருவில் ஒரு வண்டி போயிற்று. பிறகு அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பழைய மெத்தைத் துண்டு ஒன்றைக் குச்சியால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இத்த இன்னா பண்றது?"

"எரிச்சிடுங்க. கூண்டுல கொதிக்கற தண்ணி ஊத்திட்டு வெயில்ல வைங்க. நீங்க தோல் டாக்டர ஒரு தரம் பாருங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

"சரி," என்றாள் பொன்னியம்மாள். வேறு ஏதோ சொல்ல வருகிறவள் போல நின்றாள். ரூபா காத்திருக்காமல் திரும்பி நடந்தாள்.

கை முழுக்கத் தெளிகிறவரை கடையைத் திறப்பதில்லை என்று ரூபா முடிவு செய்தாள். அந்த நாட்களில் அம்மாவும் மகளும் அறையின் மூலைமுடுக்கெல்லாம் பெருக்கித் துடைத்தார்கள். கடைசி ஊசிக்குச் செல்லியம்மாவும் கூட வந்தாள். கோக்கோ திமிறியபோது டாக்டர் செல்லியம்மாவின் இரண்டு கையையும் தன் கையால் பிடித்து, முயலின் பின்னங்கால் உதறாதபடி எங்கே தாங்க வேண்டுமென்று காட்டினாள். ஊசி போட்டு முடியும்வரை செல்லியம்மா அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அந்தப் பொண்ணு கை எவ்ளோ சில்லுனு கீது," என்று மட்டும் சொன்னாள்.

கடை திறந்த பிறகு, கேட்டவர்களுக்கு ரூபா உள்ளதைச் சொன்னாள். முயலிடமிருந்து வந்தது, முயலுக்கு ஊசி போட்டாயிற்று, எனக்குப் போய்விட்டது. எந்த ஊர் என்று கேட்டால் இப்போது காலனிப் பேரையும் சேர்த்தே சொன்னாள். துணிச்சல் என்று அதற்குப் பேர் வைக்க அவள் விரும்பவில்லை. பேச்சை மாற்றி மாற்றி அலுத்துவிட்டது, அவ்வளவுதான். கல்பனா வந்தாள். லீவுக்கு வந்த காவ்யா, நேராகப் பின்னறைக்குப் போய் முயல்களைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலிக்கு வந்தாள். பொன்னியம்மாள் வரவேயில்லை, ஆனால் அந்தப் பேச்சை அவள் அப்புறம் எங்கும் பேசவில்லை என்று கல்பனா சொன்னாள்.

பழைய ஆட்களில் பலர் திரும்பவில்லை. அவர்களில் யார் அரிப்புக்குப் பயந்து போனார்கள், யார் ஊர்ப் பேர் தெரிந்து போனார்கள் என்று ரூபாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கொஞ்ச நாள் அதை யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் புதிதாக எழும்பிய அபார்ட்மெண்டிலிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள், கல்யாண சீசனும் வந்தது, யோசிக்க நேரமில்லாமல் போயிற்று. லட்டுவின் பிடரியில் முடி அடர்த்தியாக வளர்ந்துவிட்டது. முயல்களுக்குத் தின்ன வேர்க்கடலைக்கொடி கொண்டுவரச் செல்லியம்மா வாரம் ஒரு நாள் ஊருக்குப் போய் வருகிறாள்.