சுத்தமாகக் கிடந்த குட்டைக்கரை

இரண்டாம் உலக யுத்தம் முடியும் தருவாயில் ஆவடி ராணுவ முகாமில் கொசு ஒழிக்கும் கூலியாளாக இருந்தேன். மண்ணெண்ணெயில் கரைத்த புது மருந்து ஒன்று வந்திருந்தது. கொசுப்புழு சாக வேண்டும், மீனும் தவளையும் சாகக் கூடாது. எந்த அளவு சரி என்று சுற்றுவட்டாரக் குட்டைகளில் முகாமின் சுகாதார இன்ஸ்பெக்டர் அடித்துப் பார்த்தார். மறுநாள் காலையில் கரையில் செத்து ஒதுங்கியதை எண்ணிச் சொல்வது என் வேலை. நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய வேலைதான், பிடித்தும் இருந்தது. எண்ணிக்கை தப்பிவிடுமோ என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை எண்ணுவேன்.

முகாமை ஒட்டிய குட்டைக்கு முழு டின் அடித்தோம். மறுநாள் கரையில் ஒரு கெண்டைக் குஞ்சுகூட இல்லை.

"பரவாயில்லையே. நாளைக்கு முத்தாபுதுப்பேட்டைக் குளத்துக்கும் முழு டின்னே போட்டுடலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அது எங்கள் ஊர்க் குளம். கோடையில் மீன் பிடித்து ஊரே பங்கு போட்டுக்கொள்ளும். குட்டையில் ஒரு தவளையும் கத்தக் காணோமே, செத்ததும் இல்லையென்றால் எல்லாம் எங்கே போயின?

குட்டைக்குக் காவல் என் மனைவியின் தம்பி. மத்தியானம் அவனைப் பிடித்தேன்.

"மச்சான், காலைல கரைப்பக்கம் போனியா?"

"போவாம? இன்ஸ்பெக்டரு வராருன்னு எல்லாத்தையும் வாரி குழில போட்டு மூடிட்டேன் மாமா. நாறிகினு கெடந்தா நம்மள இன்னான்னு நெனைப்பாரு?"

"எவ்ளோ இருக்கும்?"

"ரெண்டு கூடை. இன்னாத்துக்கு உன் மூஞ்சி இப்டி வெளுக்குது?"

சொன்னால் இவன் வேலை போகும், சொல்லாவிட்டால் குளம் போகும். அவனையும் இழுத்துக்கொண்டு போய்த் திக்கித்திக்கிச் சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். "குழி எங்கே? தோண்டு" என்றார்.

மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு மூவரும் உட்கார்ந்து எண்ணினோம். மீன், தவளை, ஒரு தண்ணீர்ப் பாம்பு.

"இனிமே நான் வரேன்னு எதையும் கூட்டாதீங்கப்பா."

"அப்ப மாமா ஊட்டுக்கு வாங்க சார்" என்றான் மச்சான். "எங்க அக்கா யார் வந்தாலும் கூட்டாது."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். யார் வேலையும் போகவில்லை.

எங்கள் குளத்துக்குக் கால் டின்தான் அடித்தார். மறுநாள் மூன்று முறை கரையைச் சுற்றினேன். புழு செத்திருந்தது. தவளை இரண்டு போயிருந்தன, மீன் ஒன்றுகூட ஒதுங்கவில்லை. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். எனக்கு நம்பிக்கை வராமல் நாலாவது சுற்றில் உயிரோடு துள்ளுவதை எண்ண ஆரம்பித்தேன். வெயில் ஏறும்வரை எண்ணியும் முடியவில்லை.