ஜெபிஷா சொன்ன காரணம்

வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் ஜெபிஷா. பருத்திப்பட்டிலிருந்து தினமும் அம்பத்தூருக்குப் போய்வருகிறாள். கணினியின் யூஎஸ்பியில் செருகும் நெட்வொர்க் அடாப்டர்களுக்கு டிரைவர், அதாவது அவற்றை இயக்கும் நிரல், எழுதும் சின்ன நிறுவனத்தில் வேலை. கோளாறு என்று யாராவது கூப்பிட்டால் நேரில் போய்ப் பார்ப்பதும் அவள்தான்.

பூந்தமல்லியில் மனோகரன் நடத்தும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அப்படி ஒரு கோளாறு. கூட்டமில்லாத நேரத்தில் நெட் செத்துவிடும். அடாப்டரைப் பிடுங்கிச் செருகினால்தான் உயிர் வரும். ஜெபிஷா போய் பிங்கை ஓடவிட்டாள். 'இருக்கிறாயா?' என்று நொடிக்கொரு தரம் கேட்டு, பதில் வருகிறதா என்று காட்டும் நிரல் அது. மதியம்வரை பார்த்தும் ஒரு பதில்கூடத் தவறவில்லை. மேசைக்கடியில் குனிந்தாள். அடாப்டருக்கு அருகே கவுன்டர் ஊழியர் தெரசாவின் கால் இருந்தது.

"டிரைவர்ல ஒண்ணும் இல்ல சார். இவங்க கால் பட்டுத்தான் கழருது" என்றாள், காத்திருந்த கூட்டத்துக்கே கேட்கும்படி.

"நா தொடவே இல்லம்மா" என்றார் தெரசா.

"இன்னாக்கா, உக்காந்துகினே டான்ஸ் ஆடுறியா?" என்றான் வரிசையில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ஜெபிஷாவும் சிரித்தாள்.

மறுவாரம் மறுபடி அழைப்பு. போனபோது தெரசா நின்றபடி டைப் செய்துகொண்டிருந்தார். நாற்காலியைக் காணோம்.

"எடுத்துப் போட்டேன். அப்பவும் இடிக்குது அந்தம்மா" என்றார் மனோகரன். "இந்த மாசத்தோட வேலைய விட்டு நிறுத்திடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்ன ஒரு தடவ பாத்துடுங்க."

இம்முறையும் பிங் ஓடியது; எல்லாம் சரியாகவே இருந்தது. அதை மூடிவிட்டு டீ குடித்தாள். தெரசா வாசலில் ஒரு பெரியவருக்கு ரிசல்ட்டை விளக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் நெட் இல்லை. மேசைப் பக்கம் ஈ காக்கைகூட வரவில்லை.

பிடுங்கிச் செருகினாள். பிங் ஓடும்வரை உயிரோடிருந்தது; நிறுத்தியதும் சற்று நேரத்தில் செத்தது.

சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அடாப்டரைத் தூங்கவைக்கிறது டிரைவர். வேலை வந்தால் எழுப்ப வேண்டும்; எழுப்பவில்லை. தூங்குகிறதா என்று பார்க்க வந்தவள், அதைத் தூங்கவே விடாமல் பிங்கால் உலுக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

மின்சேமிப்புத் தேர்வை நீக்கினாள். இனித் தூங்காது. டிரைவரை அலுவலகத்தில் திருத்திக்கொள்ளலாம்.

"சரியாயிடுச்சு சார்."

"இனிமே அந்தம்மா உதைச்சாலும் கழராதுல்ல?"

'கழராது சார்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மா வேலைசெய்யும் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அம்மாவின் பையைத்தான் சோதிப்பார்கள். அதைக் கேட்டு எத்தனை முறை கொதித்திருக்கிறாள்! ஒரு நாற்காலியும் ஒரு லேப்டாப்பும் கிடைத்ததும் தானும் அதைத்தானே செய்தோம்?

"அவங்க உதைக்கவே இல்ல சார். தப்பு எங்க டிரைவர்ல. நான் சரியாப் பாக்காம அவங்க மேல பழியப் போட்டுட்டேன். மன்னிச்சிடுங்கக்கா."

மனோகரன் உள்ளே போனார். தெரசா தலைநிமிராமல் ரத்தக் குப்பியில் பெயரை ஒட்டினார்.

"அன்னிக்கி கூட்டம் நின்னுகினு இருந்துச்சு" என்றார். "இன்னிக்கி ரெண்டு பேருதான் கீறாங்கம்மா."

பையை எடுக்கக் கை கூசி, ஜெபிஷா அங்கேயே நின்றாள்.