ஆத்தா வேண்டாமென்ற மருந்து

போன வருஷம் ஆடி மாதம் என் மகள் பூரணி, ஈரோட்டில் அவள் தங்கிப் படிக்கும் கல்லூரி விடுதியின் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். அவளுக்கு அப்போது இருபது வயது. சூலூரிலிருந்து நானும் என் மனைவி சுமதியும் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நாவல்பழம் தின்றவளுக்கு இருப்பதுபோல் இருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. "ஒண்ணுமில்லப்பா, வெயிலு" என்றாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லி முடிக்க அவளுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது.

நம் குலதெய்வமான ஆத்தாளைக் கும்பிடும் சொந்தங்களே, நம் கோயில் ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று நிர்வாகத்தார் கேட்டபோது இரண்டு முறை மறுத்தேன். ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவன் நான். எழுதிப் பழக்கமில்லை. அதைவிட, நடந்ததை மறுபடி நினைக்கத் தெம்பு இல்லை. ஆனாலும் ஆத்தா செய்ததைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பூரணி விழுந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிதான். முதலில் ரத்தசோகை என்றார்கள். பிறகு ஆஸ்துமா என்று உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். புரட்டாசியில் ஒரு டாக்டர் நெஞ்சை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் மிக அதிகமாக இருக்கிறது, அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித்தள்ளி இதயத்தின் வலது பக்கம் வீங்கிவிட்டது என்றார். நான் தினமும் பம்புகளோடு இருப்பவன். எதிர்ப்பக்கம் அடைத்துக்கொண்டால் பம்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் மேற்கொண்டு சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஏன் வந்தது என்று சுமதி கேட்டாள். "சில பேருக்குக் காரணமே தெரியாம வரும்மா" என்றார். மாத்திரையால் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம் என்றார். கொஞ்ச காலம் என்றால் எவ்வளவு என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

வீட்டில் சுமதி சமைப்பாள், யாரும் சாப்பிட மாட்டோம். கம்பெனிக்குப் போவேன், எந்த அலமாரி முன்னால் எதற்கு நிற்கிறேன் என்று மறந்துவிடும். பூரணி மட்டும் எப்போதும்போல் எங்களைக் கேலி செய்துகொண்டிருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஐப்பசியில் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த நுரையீரல் டாக்டர் அம்மா, காரணம் தெரியாமல் இந்த அழுத்தம் வருகிறவர்களுக்காக ஒரு புது மாத்திரையை வைத்து ஆராய்ச்சி நடப்பதாகச் சொன்னார். முதலில் சில பரிசோதனைகள் செய்வார்கள். எல்லாம் பொருந்தி வந்தால்தான் மாத்திரை. செலவு அவர்களுடையது.

வெளியே நாற்காலியில் ஈரோட்டுக்காரர் ஒருவர் இருந்தார். மஞ்சள் மண்டியில் வேலை. அவருடைய மகனுக்கும் இதே நோய். அவர்தான் எனக்கு விவரமாகச் சொன்னார்.

"ஏனுங்க, ஒண்ணு தெரியுமுங்களா? சேர்ற எல்லார்த்துக்கும் மருந்து இல்லீங்க. பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை."

"எது யாருக்குன்னு?"

"டாக்டருக்கே தெரியாதாமுங்க. கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி எடுத்துப் போடுதாம். எம்பட பையன் அதிர்ஷ்டத்தப் பாத்தா மாவுதானுங்க வரும். பரீட்சையிலயும் அவனுக்கு அப்பிடித்தான்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளையின் உயிரை அப்படி எடுத்துப் போட விடுவதா என்றுதான் நினைத்தேன். விட்டாலோ வேறு வழியும் தெரியவில்லை. வீடு வந்ததும் சுமதி சொன்னாள். "நம்மால முடிவு பண்ண முடியாதுங்க. ஆத்தாகிட்டயே பூ கேட்டுரலாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை காங்கேயம் பஸ் ஏறி நம் கோயிலுக்குப் போனோம். பூரணியால் அவ்வளவு தூரம் வர முடியவில்லை. பூசாரி வெள்ளை அரளி ஒன்றையும் செவ்வரளி ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்து ஆத்தா காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேட்கச் சொன்னார். "பூரணிய அந்த ஆராய்ச்சியில சேத்தி அந்த மாத்திரையக் குடுக்கலாமா ஆத்தா?" என்று கேட்டேன். வெள்ளைதான் வர வேண்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

பூசாரி ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"உத்தரவு இல்லீங்க" என்றார்.

"இன்னொருக்கா கேக்கலாமுங்களா?"

"ஒருக்காக் கேட்டதத் திருப்பிக் கேக்கப்படாதுங்க. ஆத்தா வேண்டாம்னுட்டா வேண்டாந்தானுங்க."

திரும்பி வரும்போது பல்லடம் தாண்டியதும் சுமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. கடைசியாக இருந்த ஒரு கதவையும் நீயே சாத்திவிட்டாயே என்று ஆத்தாளைத் திட்டினேன். சொந்தங்கள் மன்னிக்க வேண்டும். அந்த வாரம் வீட்டில் நான் விளக்கைக்கூட ஏற்றவில்லை.

பூரணியிடம் சொல்லாமல் இருக்கப் பார்த்தோம். அவள் விடவில்லை.

"என்ன கேட்டீங்கப்பா? கேட்டத அப்படியே சொல்லுங்க."

சொன்னேன்.

"அப்பறம் என்ன? ஆத்தா மாத்திரையத்தான வேண்டாம்னுச்சு. டெஸ்ட் எடுக்க வேண்டாம்னு சொல்லுச்சா?"

"சாமிகிட்டயே வக்கீல் வேலை பாக்காதடி" என்றாள் சுமதி.

"நெசமாத்தான் கேக்கறேன். டெஸ்ட் எல்லாம் முடியட்டும். மாத்திரை குடுக்கறப்ப வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்துரலாம். எனக்கு என்னன்னாவது தெரியோணுமில்லப்பா?"

கடைசியாகச் சொன்னதை அவள் கேலியாகச் சொல்லவில்லை. போனோம். ஆனால் சாமி சொல்லை மீறிப் போகிறோமோ என்ற பயம் ஒவ்வொரு நாளும் என் கூடவே பஸ் ஏறியது. ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த பெண்ணிடம், நாங்கள் இன்னும் முடிவு பண்ணவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "எப்ப வேணும்னாலும் வேண்டாம்னு சொல்லலாமுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டோம்" என்றாள். பூரணி கையெழுத்துப் போட்டாள், சாட்சிக்கு நானும் போட்டேன்.

ரத்தம் எடுத்தார்கள். நீளமான வராண்டாவில் நடக்கவிட்டு எவ்வளவு தூரம் முடிகிறது என்று பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் எங்களை உட்கார வைத்து வரிசையாகக் கேள்வி கேட்டாள். நடுவில், "தூங்கறப்பக் குறட்டை வருமுங்களா?" என்றாள்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றாள் சுமதி.

முன்பு பார்த்த டாக்டர்களுக்கும் இதே பதில்தான் போயிருந்தது. பெண்பிள்ளை குறட்டை விடுவதை நம் பக்கம் யார் வெளியே சொல்கிறோம்? நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டியவன்தான்.

பூரணி சிரித்துவிட்டாள். "ஏம்மா பொய் சொல்ற? நீங்க எழுதிக்கங்கக்கா. ஹாஸ்டல்ல எனக்குப் பேரே ரைஸ் மில்லு. ரெண்டு பேரு ரூம் மாத்திட்டே போயிட்டாங்க. க்ளாஸ்ல உக்காந்த எடத்துலயே தூங்கிருவேன், அதையும் எழுதிக்கங்க."

சுமதி அவள் காதருகே பல்லைக் கடித்தாள். "நாலு பேத்துக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன்டி பொண்ணு கேட்டு வருவான்?"

"மூச்சு இருந்தாத்தானம்மா மாப்பிள்ளை."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பூரணியின் கழுத்தையும் தாடையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பூரணிக்கு என் தாடை. உள்ளடங்கிய சின்னத் தாடை. கல்லூரிக்குப் போன பிறகு உடம்பும் பெருத்துவிட்டது. குறட்டை என்று சொன்னவர்களைத் தூங்க வைத்துப் பார்க்காமல் சேர்ப்பதில்லை, அது இந்த ஆராய்ச்சியின் விதி என்றாள். ஒரு நாள் ராத்திரி அங்கேயே தங்க வைத்து, தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டி, விரலில் ஒரு கிளிப் மாட்டித் தூங்கச் சொன்னார்கள்.

கார்த்திகையில் டாக்டர் அம்மா கூப்பிட்டார். "உங்க பொண்ண இந்த ஆராய்ச்சியில சேர்க்க முடியாதுங்க" என்றார்.

நாங்களாக வேண்டாமென்று சொல்லத்தான் போயிருந்தோம். இருந்தாலும் அவர் வாயால் கேட்டபோது சாமியும் கைவிட்டது, ஆஸ்பத்திரியும் கைவிட்டது என்றுதான் தோன்றியது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங்க. இது கெட்ட சேதி இல்லீங்க. அந்த மாத்திரை காரணம் தெரியாதவங்களுக்கு. உங்க பொண்ணுக்குக் காரணம் தெரிஞ்சு போச்சு."

பிறகு விளக்கினார். பூரணி தூங்கும்போதெல்லாம் தொண்டை ஒட்டிக்கொண்டு மூச்சு நின்றுவிடுகிறது. உடம்பு பதறி எழுப்பி மறுபடி மூச்சை இழுக்கிறது. ராத்திரி முழுக்க இதே போராட்டம். ரத்தத்தில் பிராணவாயு இறங்க இறங்க நுரையீரல் குழாய்கள் இறுகுகின்றன. பல வருஷமாக இறுகியதுதான் இந்த அழுத்தம். அடித்துப் போட்டதுபோன்ற தூக்கம் என்று நாங்கள் நினைத்தது இதைத்தான்.

"அந்த மாத்திரையிலேயே சேத்தியிருந்தா என்னங்க ஆயிருக்கும்?" என்று கேட்டேன்.

"இது அதுக்கான நோய் இல்லீங்க. மாத்திரைய நம்பிட்டு உக்காந்திருப்போம். ராத்திரி ராத்திரி மூச்சு நின்னுட்டேதான் இருந்திருக்கும்."

அந்த அறையில் வைத்துத்தான் எனக்கு விளங்கியது. நான் கேட்டது, அந்த மாத்திரையைக் கொடுக்கலாமா என்று. ஆத்தா சொன்னது, வேண்டாம் என்று. கேட்டதற்குச் சரியான பதில்தான் சொல்லியிருக்கிறாள். அதை என் பிள்ளை பிழைக்க மாட்டாள் என்று நானாக வாசித்துக்கொண்டு அவளைத் திட்டியிருக்கிறேன். டாக்டர் அம்மா முன்னாலேயே கும்பிட்டுவிட்டேன். அவர் தன்னைக் கும்பிடுவதாக நினைத்துக் கூச்சப்பட்டார். அவரையும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் லேசாகிவிட்டது என்று எழுத ஆசை. அப்படி இல்லை. தூங்கும்போது மூக்கில் முகமூடி மாட்டி, ஒரு மெஷின் காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். முதல் வாரங்களில் பூரணி அதைக் கழற்றி வீசினாள். மூக்குத்தண்டில் புண் வந்தது. "யானை மாதிரி இருக்கறேன்" என்று சொல்லி அழுதாள். கேலி பேசுகிற பிள்ளை அழுதபோதுதான் அவளும் இத்தனை நாள் பயந்திருக்கிறாள் என்று தெரிந்தது. சுமதி முகமூடியைத் தன் முகத்தில் மாட்டிக் காட்டி, பக்கத்திலேயே படுத்துப் பழக்கினாள். சாப்பாட்டை மாற்றினோம். ஒரு வீதி நடந்தாள், பிறகு இரண்டு.

மாசியில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். அழுத்தம் இறங்கியிருந்தது. முழுதாக இல்லை. "மெஷினை விடக்கூடாது, இன்னும் பாத்துட்டே இருக்கணும்" என்றார் டாக்டர் அம்மா. பூரணி கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். உதடு உதடாக இருக்கிறது. எனக்கு அது போதும்.

ஈரோட்டுக்காரரின் மகன் ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறான். அவனுக்கு வந்தது மருந்தா மாவா என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. எங்கள் சேதியைப் போனில் சொன்னபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர், "நல்லதுங்க. எம்பையனுக்கு ஆகாட்டியும் அவன வெச்சுப் பாத்தது நாளைக்கு ஒரு புள்ளைக்கு ஆகுமுங்க" என்றார். அவ்வளவு பெரிய மனசு எனக்கு இருந்திருக்குமா தெரியாது. நீங்கள் கும்பிடும்போது அந்தப் பையனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் மூன்று பேரும் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். பூசாரி, "இப்ப என்னங்க கேக்கோணும்?" என்றார். "ஒண்ணும் கேக்கலீங்க. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்" என்றேன். தூணில் சாய்ந்தேன். ஆத்தா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது பொங்கல் ஆறிப்போயிருந்தது. ஆடி மாதத்திலிருந்து அப்படி நான் தூங்கியதில்லை.

பூரணி என் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, நீங்க விட்ட குறட்டையில பூசாரி மணியடிக்கறத நிறுத்திப்போட்டாரு. நடுவுல நடுவுல மூச்சும் நின்னுச்சு. நான் பாத்துட்டேதான் இருந்தேன். திங்கக்கெழம நீங்களும் எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாரீங்க."

"உனக்கு அந்தத் தாடை எங்கிருந்து வந்துச்சுன்னு நெனச்ச?" என்றாள் சுமதி. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

போனேன். எனக்கும் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், அதே தொந்தரவுதான். இப்போது எங்கள் குடும்பத்தில் இரண்டு மெஷின்.

சொந்தங்களே, உங்கள் வீட்டிலும் ஏதாவது இருக்கும். டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள், பெண்பிள்ளையாக இருந்தாலும். ஆத்தாளிடம் கேளுங்கள். அவள் வேண்டாமென்றால் என்னைப்போல் கோபித்துக்கொண்டு விளக்கேற்றாமல் இருந்துவிடாதீர்கள். கேட்கவே தெம்பில்லாத நாள் வந்தால், சும்மா வந்து அவள் முன்னால் தூணில் சாய்ந்து உட்காருங்கள். கண் அசந்தாலும் பரவாயில்லை. அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.