பொய்லர் அலுமாரியில் மாம்பழ வாசம்

ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டு மேல்மாடியில், குளியலறைக்குப் பக்கத்தில் ஓர் அலுமாரி இருக்கிறது. கட்டியவர்கள் அதை வீட்டைச் சூடாக்குகிற பொய்லருக்காகக் கட்டினார்கள். நான் அதைத் தோசை மாவுக்காக வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் குசினியில் வைத்த மா இரண்டு நாளானாலும் அசையாது. பொய்லருக்குப் பக்கத்தில் இரவு வைத்தால், விடியச் சட்டி நிரம்பப் பொங்கி நிற்கும். எனக்குத் தெரிந்த வீடுகளிலெல்லாம் இதே வித்தைதான்.

அந்த அலுமாரி என் கணவரின் சிகரெட் விவகாரத்தில் வந்து மூக்கை நுழைக்கும் என்று நான் நினைத்ததேயில்லை.

இவர் பஸ் ஓட்டுகிறவர். ஜேர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் பத்தத் தொடங்கிய சிகரெட்டை லண்டன் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தவர். நான் கல்யாணம் கட்டி வந்தபோது எனக்கு முன்பே அது வீட்டில் குடியிருந்தது. சண்டை பிடித்தேன், அழுதேன், நாள்கணக்கில் கதைக்காமல் இருந்தும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் எங்கள் மகள்தான் ஒரே பேச்சில் முடித்தாள். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

"அப்பா, ஐ ஆம் சீரியஸ். நீங்கள் சிகரெட் விடாட்டி பேபியை உங்கட கையில தரமாட்டன்."

இவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த கிழமையே சிகரெட்டை விட உதவுகிற கிளினிக்குக்குப் போனார். சிகரெட்டுக்குப் பதிலாக ஆவியை இழுக்கிற வேப்புக்கு மாறிப் பாருங்கள் என்றார்கள். ஹை ஸ்ட்ரீட்டில் வேப் கடை வைத்திருப்பவர் எங்கள் ஆள்தான், பிரான்சிலிருந்து வந்தவர். அந்தக் கருவிக்குள் ஊற்றுகிற லிக்விடில் ஒவ்வொரு வாசமாக எடுத்துக் காட்டினார். புகையிலை வாசம் இவருக்குக் குமட்டியது. புதினா பல் தீட்டுவதுபோல் இருந்ததாம். மாம்பழம் மட்டும் பிடித்துப்போனது.

சிகரெட் நின்றது. நான் நம்பவில்லைதான், ஆனாலும் நின்றது. சட்டைகளைத் தோய்க்கும்போது மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. மகள் வந்து தகப்பனின் தோளை மோந்து பார்த்துவிட்டு, "குட்" என்று சொல்லிப் போனாள். இவர் பரீட்சை பாஸ் பண்ணின பெடியன் மாதிரி அன்று முழுவதும் வீட்டைச் சுற்றி வந்தார்.

பிறகு ஒரு பயம் பிடித்தது. கடையில் மாம்பழம் தீர்ந்துபோனால் என்ன செய்வது? ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தட்டுப்பாட்டில் வளர்ந்த எங்களுக்குப் பிடித்த சாமானில் ஒன்றை மட்டும் வாங்கத் தெரியாது. எங்கள் வீட்டு அரிசி மூட்டைகளைப் பார்த்தாலே விளங்கும். இவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எதை வாங்கினாலும் திறந்து மணந்து பார்க்க வேண்டும். மிளகாய்த்தூள், ஷாம்பு, கறிப்பவுடர், எதுவும் தப்பாது. அன்றும் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு போத்தலாக மூடியின் வளையத்தை உடைத்து, மணந்து, "ஓம், மாம்பழம்தான்" என்று சொல்லிச் சொல்லி அடுக்கினார்.

"கடைக்காரர் என்ன, கத்தரிக்காயையே அடைச்சுத் தரப்போறார்?" என்று கேட்டேன்.

"உமக்கு விளங்காது," என்றார்.

லிக்விடில் வெளிச்சம் படக்கூடாது என்று பஸ் டிப்போவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே இருட்டான இடம் பொய்லர் அலுமாரி. வந்துபோகிற சொந்தக்காரர் கண்ணிலும் படாது. என் மாச் சட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பை குடியேறியது. சட்டிக்கு இடம் இருந்ததால் நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு போத்தலை மட்டும் கோட்டுப் பைக்குள் போட்டு, அதை மறந்துபோனார்.

குளிர் இறுகியது. பொய்லர் ஓயாமல் ஓடியது. மகளுக்கு நாள் நெருங்க நெருங்க இவருக்கு முகம் சரியில்லை. சும்மா கேட்டதற்கெல்லாம் பாய்ந்தார். வேப்பை முன்னையைவிட அதிகமாக இழுத்தார். ஒரு நாள் பின்னேரம் குப்பை கொட்டப் போனேன். தொட்டிக்குப் பின்னால் இவர், கையில் சிகரெட்.

"என்னப்பா உது?"

"ஒண்டே ஒண்டுதான்."

"பேரப்பிள்ளை பிறக்க ஒரு மாசம்கூட இல்லை. வெக்கமா இல்லையே உங்களுக்கு?"

"நான் என்னப்பா செய்யிறது? அந்த வேப் இப்ப ஏறுதில்லை. தொண்டையைத்தான் எரிக்குது. ஆசை அடங்குதில்லை." சிகரெட்டைக் காலால் மிதித்தார். "மகளுக்குச் சொல்லிப்போடாதையும்."

சாட்டுச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கு வந்த கோபத்தில் குப்பைப் பையை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்தேன். கோபத்துக்குக் கீழே பயமும் இருந்தது. மகள் சொன்னதைச் செய்கிறவள். அந்த விஷயத்தில் அவள் என்னை உரித்து வைத்தவள். பேரப்பிள்ளையைத் தூக்க முடியாமல் இந்த மனுசன் வாசலில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு கிழமை பார்ப்பேன், பிறகு அவளிடம் சொல்லிவிடுவேன் என்று அன்றிரவு இவரிடம் சொன்னேன்.

அந்தக் கிழமை முடியவில்லை. சனிக்கிழமை காலை அலுமாரியைத் திறந்தால், மா பொங்கி வழிந்து பைக்குள் இறங்கியிருந்தது. ஒவ்வொரு போத்தலாக எடுத்துத் துடைத்தேன். மூடிகள் சரியாக இறுகியிருக்கவில்லை. உள்ளே இருந்த லிக்விட் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. மாம்பழ வாசத்தைக் காணோம். ஏதோ மிளகு போட்டதுபோல் ஒரு காரம் மூக்கில் அடித்தது. இது நிக்கொட்டின் கலந்த விஷச் சாமான் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அவ்வளவு மாவையும் ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினேன்.

கீழே வந்து, சிகரெட் பெட்டி இருக்குமோ என்று இவருடைய கோட்டுப் பைகளைத் தடவினேன். சிகரெட் இல்லை. மறந்துபோன அந்த மாம்பழப் போத்தல் இருந்தது. கோட் தொங்குவது முன்கதவுக்குப் பக்கத்தில், வீட்டிலேயே குளிரான மூலை. அந்த லிக்விடில் நிறமே ஏறவில்லை. மேலேயிருந்து ஒரு போத்தலை எடுத்து வந்து, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவரைக் கூப்பிட்டேன்.

கோட்டுப் பைப் போத்தலை வேப்பில் ஊற்றி ஒரு இழுவை இழுத்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"ஓம். இதுதான்."

மனுசன் பொய் சொல்லவில்லை. எனக்குச் சந்தோசத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் நல்ல சாமானைக் கிழமைக்கணக்கில் பொய்லருக்குப் பக்கத்தில் வைத்து அவித்திருக்கிறோம்.

போய்ச் சொன்னதும் வேப் கடைக்காரரும் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணை, உதுக்கு வெளிச்சமும் ஆகாது, சூடும் ஆகாது, காத்தும் ஆகாது. திறக்காமல் வைச்சால் போத்தல்ல போட்ட திகதி வரைக்கும் நிக்கும். திறந்தால் சில மாசத்துக்குள்ள முடிச்சுப்போடுங்கோ. நிறம் கொஞ்சம் மாறினால் பயமில்லை, மணமும் மாறினால் எறியுங்கோ."

இவர் பிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டார். என் தயிரோடும் கறிவேப்பிலையோடும் அது இருக்க ஏலாது என்று கடையிலேயே சொல்லிவிட்டேன். படிக்குக் கீழே, கரண்ட் மீற்றர் இருக்கிற குளிர்ந்த அலுமாரியில், பூட்டுப் போட்ட தகரப் பெட்டிக்குள் இடம் கொடுத்தேன். புதிதாக வாங்கிய போத்தல்களை ஒன்று முடிந்த பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும் என்பது சட்டம். மணந்து பார்க்கக் கை துருதுருத்தது, பாவம். சாவி என்னிடம் இருந்தது.

பேத்தி பிறந்தாள். மகள் வாசலில் வைத்தே தகப்பனின் கையை மோந்து பார்த்தாள், தோளை மோந்து பார்த்தாள், பிறகு பிள்ளையைத் தூக்கி அவர் கையில் வைத்தாள். இவர் அழுதார். நான் அழவில்லை என்று சொல்ல ஆசைதான்.

அதற்குப் பிறகு கடைக்காரரிடம் நிக்கொட்டின் வீரியம் குறைந்ததாகக் கேட்டு வாங்கினார், பிறகு இன்னும் குறைந்ததாக. சாவி கேட்டு வருவது குறைந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. வீட்டில் குழந்தை இருந்தால் வேறு எதைக் கவனிக்க முடியும்?

இப்போது பேத்தி நடக்கிறாள். போன மாதம் படிக்குக் கீழே அலுமாரிக் கதவை இழுத்துத் திறந்துவிட்டாள். பூட்டு இருந்தாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. பெட்டியை உயரத்தில் மாற்றுவதற்காக எடுத்துத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு போத்தல் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திகதியைப் படித்தேன். முடிந்து பல வாரம் ஆகியிருந்தது.

திகதி முடிந்த தயிருக்கே வீட்டை இரண்டாக்குகிறவள் நான். அன்று அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, உது திகதி முடிஞ்சுபோச்சு."

இவர் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியின் வளையம் உடையாமல் அப்படியே இருந்தது.

"இதைத் திறக்கவேயில்லையோ நீங்கள்?"

"இல்லை," என்றார். அவருக்கே அது புதினமாக இருந்தது. "மணந்து பார்க்கக்கூட நினைவு வரேல்லையப்பா."