மெஷின் ஒதுக்கிய புள்ளிகள்

ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் நான்கு தாள்கள். மலேசியாவின் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் கணினிச் சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தபடி என் வகுப்புக்கு வந்த அக்கா ஒருவர், ஒரு சனிக்கிழமை காலை அதை என் முன்னால் வைத்தார். தாள்களில் இருந்தது ஒரு நட்சத்திரத்தின் ஒளி அளவைக் காட்டும் புள்ளி வரைபடம். அதில் சில இடங்களை நீலப் பேனாவால் சின்னச் சின்னதாக வட்டமிட்டிருந்தார். அந்த வட்டங்களை நான் ஒரு நிமிடம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

அப்போது நான் சுங்கை பட்டாணியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், ஆர்வமுள்ளவர்களுக்குச் செயற்கைக்கோள் அனுப்பும் நட்சத்திரத் தரவுகளைப் படிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் முனைவர் பட்ட ஆய்வுக்கும் அது உதவியது. அக்கா சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் பாரத்தோடு சரி, கல்லூரிக்குப் போனதில்லை. வாட்ஸ்அப் குழுவில் அவரை ‘கூலிம் அக்கா’ என்று பதிந்துவைத்தேன். அதற்கு மேல் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் ஆராய்ந்தது ஒரு சிவப்புக் குறுமீன். சூரியனைவிடச் சிறிய, சூடு குறைந்த நட்சத்திரங்களுக்கு அந்தப் பெயர். என்னுடையது ஒரு நாளுக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும். அதன் மேல் இருக்கும் கரும்புள்ளிகள் கூடவே சுற்றுவதால், ஒளி அலைபோல ஏறி இறங்கும். இவ்வளவு வேகமாகச் சுற்றினால் காந்தவிசையும் பலமாக இருக்கும்; அடிக்கடி சுடரொளி வெடித்துக் கிளம்பும். ஆனால் என் நட்சத்திரம் சாதுவாக இருந்தது. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். மற்றவற்றிலிருந்து திடீரென்று விலகித் தெரியும் புள்ளிகளை மட்டும் பிழை என்று என் கணினி நிரல் தானே ஒதுக்கிவிடும்.

“தம்பி, கம்ப்யூட்டர் குப்பைன்னு தூக்கிப் போட்ட புள்ளிய எல்லாம் திருப்பி எடுத்துப் பாத்தேன். எல்லாமே மேல போனதாத்தான் இருக்கு. குப்பைன்னா கீழயும் விழணும்லா?” என்றார் அக்கா.

“அது விண்வெளித் துகள் அக்கா. கேமராவுல பட்டா மேலதான் காட்டும். விட்டுருங்கலா” என்றேன், மற்றவர்களுக்கும் கேட்கும்படி. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை அதே உறையோடு வந்தார். “துகள்னா பட்டதும் போயிரணும்ல தம்பி? இது பொசுக்குன்னு ஏறி மெதுவா எறங்குது. மெஷின் தலைய வெட்டிருச்சு, வால் மிச்சம் இருக்கு பாருங்க.” எப்படி இதெல்லாம் தோன்றியது என்று கேட்டேன். “ஃபேக்டரியில மெஷின் ரிஜெக்ட் பண்றத மறுபடி பாக்குறதுதான் எங்க வேலை. அதுல நல்ல பீஸும் கெடக்கும்” என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தேன். அக்கா சொன்னது சரி. அந்த நட்சத்திரம் ஓயாமல் வெடித்துக்கொண்டிருந்தது. என் நிரல்தான் உச்சிகளையெல்லாம் துடைத்துத் தள்ளி அதைச் சாதுவாக்கியிருந்தது. அவரைக் கூப்பிட்டு, இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதப்போவதாகச் சொன்னபோது சற்றுக் கூச்சத்தோடு கேட்டார்: “கட்டுரை வந்தா நம்ம பேரும் அதுல வருமா தம்பி? மகள்கிட்ட காட்டலாம்னு.” பார்க்கலாம் அக்கா என்றேன்.

ஓர் ஆய்விதழில் கட்டுரை வந்தது. என் பெயரும் என் ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் பெயரும் இருந்தன. கடைசியில் ‘தன்னார்வலர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி. பட்டம் இல்லாதவரை எப்படிச் சேர்ப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். என் தவற்றைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தொழிற்சாலைப் பெண் பிடித்தார் என்று பேராசிரியரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். ‘தோட்டத்து ஆளுங்க’ என்று சொல்லும்போது வீட்டில் குரல் ஒரு மாதிரி மாறும். அதையெல்லாம் நான் தாண்டி வந்துவிட்டதாக நினைத்திருந்தேன். தாண்டவே இல்லை.

அந்தக் கட்டுரையைப் பற்றி ஒரு பிற்பகல் ஊர் மண்டபத்தில் பேசினேன். அக்கா நல்ல சேலை உடுத்தி, பதினான்கு வயது மகளை அழைத்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச்சு முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, ஒதுக்கிய புள்ளிகளைத் திரும்பப் பார்க்கும் யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். “ஒருநாள் தனியா உட்காந்து யோசிச்சப்ப தோணுச்சு” என்றேன். மகள் சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தேநீர் மேசையருகே வந்து, “நல்லா பேசுனீங்க சார்” என்றார். அதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதன்பிறகு வகுப்புக்கு வரவில்லை.

இரண்டு வருடம் இதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். போன வாரம், கட்டுரையாசிரியர் பட்டியலில் அக்காவையும் சேர்க்கவேண்டும் என்று அந்த இதழுக்கு எழுதினேன். ஒரு படிவம் அனுப்பினார்கள். முதல் கட்டத்தில் சேர்க்கவேண்டியவரின் முழுப்பெயர் கேட்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ சனிக்கிழமைகள் எதிரே உட்கார்ந்திருந்தவரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. அவமானத்தோடு அவரை அழைத்து விஷயத்தைச் சொல்லி, பெயரைக் கேட்டேன்.

அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “அன்னிக்கு வீட்டுக்குப் போறப்ப மக கேட்டா சார், ‘அம்மா, நீங்க கண்டுபிடிச்சதுன்னுதானே சொன்னீங்க’ன்னு. நான்தான் தப்பா புரிஞ்சிக்கிட்டேன், அது சார் கண்டுபிடிச்சதுன்னு சொல்லிட்டேன். அதுலேருந்து நான் என்ன சொன்னாலும் நெசமாம்மான்னு கேக்குறா. பேர அப்புறம் எழுதிக்கலாம். மொதல்ல வீட்டுக்கு வந்து அவ முன்னால சொல்லுங்க.”

வருகிற சனிக்கிழமை போகிறேன். ‘உன் அம்மா சொன்னதுதான் உண்மை, பொய் சொன்னது நான்.’ சொல்லவேண்டியது இவ்வளவுதான். இன்று காரில் தனியாக உட்கார்ந்து ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ‘பொய் சொன்னது’ என்பதோடு நிறுத்திவிட்டேன்; மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.