கரண்ட் போனதாகச் சொன்னேன்

கணினியின் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று மேலேறி ஓடும். பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்குமேல் ஒரு வரியும் வராது. இலங்கை மலையகத்தில், தலவாக்கலை நகரில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் ஸ்டூடியோவில், நானும் நானாவும் பதினொரு நாள் அந்தக் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஏன் நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அவரை ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. தகப்பனாரின் துணிக்கடையை அவர் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கல்யாண வீடுகளுக்குக் கமெராவைத் தூக்கிக்கொண்டு போனவர். சில வருடம் வளைகுடாவில் ஒரு வீடியோ நிறுவனத்தில் வேலை செய்து படம் வெட்டி ஒட்டப் பழகிக்கொண்டு திரும்பி வந்தார். நான் அவரிடம் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது, கைக்குழந்தைக்காரி. அல்பம் வடிவமைப்பதும், பெண் அலங்காரம் நடக்கும் அறைக்குள் போய்ப் படம் எடுப்பதும் என் வேலை. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் என் முன்னால் கூச்சமில்லாமல் இருப்பார்கள்.

அந்தக் கணினியை நானாவேதான் பொருத்தினார். மூடிப்போன ஒரு இன்டர்நெட் கடையின் பெட்டிக்குள், கொழும்பில் தேடிப் பிடித்த பாகங்களை ஒவ்வொன்றாக வைத்துத் திருகியிருந்தார். அவர் பழகிய எடிட்டிங் மென்பொருள் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் இயங்குதளத்தில்தான் ஓடும். அந்த நிறுவனமோ தன் சொந்தக் கணினிகளுக்கு மட்டும் என்று அதைச் செய்திருந்தது. அப்படிப்பட்ட கணினியை வாங்க எங்கள் ஸ்டூடியோவுக்கு வக்கில்லை. உலகத்தில் பலபேர் செய்வதுபோல, இடையில் சில கோப்புகளைப் போட்டு, இது உன்னுடைய கணினிதான் என்று அந்த இயங்குதளத்தை நம்பவைத்து ஓட்டினார்.

“அதுக்கு ஒரு பொய்யச் செல்லித்தான் வச்சிருக்கேன் தங்கச்சி. அப்டேட் பண்ணினா பொய் புடிபட்டுரும். அதுக்குப் பொறகு எழும்பாது” என்று முதல் நாளே சொன்னார். திரையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதமும் ஒட்டியிருந்தார்: அப்டேட் கேட்டால் ‘பிறகு’ என்பதை மட்டும் அமுக்கவும்.

இன்னொன்றும் செய்திருந்தார். வேறொரு ஊரில், திருத்தக் கொடுத்த கணினியிலிருந்து ஒரு மணப்பெண் உடை மாற்றும் படங்கள் வெளியே போய் இணையத்தில் பரவிவிட்டன. அதைக் கேள்விப்பட்ட அன்றே நானா எங்கள் கணினியின் டிஸ்க்கை முழுவதுமாகக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினார். கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் எதுவும் தெரியாது. “பொம்புளப் புள்ளைகள்ட படம். எல்லாரும் நம்பித்தானே தாராங்க” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். கீழே கடையில் மத்தியானச் சத்தம். நான் ஒரு அல்பத்தின் பக்கத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்டேட் கேட்கும் பெட்டி மூன்றாவது தடவையாக வந்து, மணமகனின் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றது. எரிச்சலாக இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான், இப்போது அப்படி ஒன்றும் ஆகாது என்று யாரோ ஒருவன் பேசிய வீடியோவைப் பார்த்திருந்தேன். நானா தேவையில்லாமல் பயப்படுகிறார் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. நான் அறியாமல் செய்யவில்லை. காகிதத்தையும் பார்த்தேன், பெட்டியையும் பார்த்தேன், ‘இப்போது’ என்பதை அமுக்கினேன். கணினி அணைந்து எழும்பியது, மறுபடி அணைந்தது. பிறகு அந்த வெள்ளை எழுத்துகள் ஓடி நின்றன.

நானா படியேறி வந்து தொப்பியைக் கழற்றும்போதே, “நானா, கரண்ட் போயிட்டு வந்துச்சு. அதுல இருந்து இப்படிக் கெடக்கு” என்றேன். பொய்யை நான் யோசிக்கக்கூட இல்லை. நாக்கு நுனியிலேயே இருந்தது.

அவர் நம்பினார். நம்பியதால்தான் தவறான இடத்திலேயே தேடினார். கரண்ட் போய் வந்தால் எது பழுதாகும்? பவர் சப்ளையைக் கழற்றி வேறு மாட்டினார். மெமரித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து இடம் மாற்றிப் போட்டார். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினார். தாய்ப்பலகையின் சின்ன பெட்டரியைப் பிடுங்கி, தேத்தண்ணி குடிக்கும் நேரம் வைத்திருந்து திரும்பப் போட்டார். ஒவ்வொரு தடவையும் அதே வரியில் நின்றது. யூபிஎஸ் பெட்டரி செத்துப் பல மாதமாகியிருந்தது. “இத மாத்தாம வச்சது என்ட பிழை” என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று திருகாணிகளை ஒரு மூடியில் சேர்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல நாளுக்கு நூறு தடவை வாய்ப்பு இருந்தது. முதல் நாள் சொல்லாததால் இரண்டாம் நாள் சொல்வது கஷ்டமாக இருந்தது. நாலாம் நாள், இனிச் சொன்னால் நான் என்ன மனுஷி என்று ஆகிவிடும் என்று தோன்றியது.

ஐந்தாம் நாள் மழை பிடித்தது. விடவே இல்லை. வியாழக்கிழமை விடியும் நேரத்தில், வட்டகொடைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில் மலை சரிந்து இறங்கி, ஒரு லயத்தை, வரிசை வீடுகள் முழுவதையும், மூடிவிட்டது. அதில் காம்பரா என்கிற ஓர் ஒற்றை அறையில், கல்யாணமாகி மூன்று வாரமே ஆன ஒரு பெண்ணும் அவள் புருஷனும் இருந்தார்கள். அந்தக் கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்தோம். சீசன் நேரம் என்பதால் கமெராவின் கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். அவளுடைய கல்யாணம் முழுவதும் அந்தக் கணினிக்குள் மட்டும்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவளுடைய தாய் வந்தார். அதே தோட்டத்தில் கீழ் டிவிசனில் கொழுந்து பறிப்பவர். தனியாகப் பெற்று வளர்த்த ஒரே பிள்ளை அவள். நனைந்த சாரியோடு மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றார், உள்ளே வரவில்லை.

“ஏங்க, எம் புள்ளைய எடுத்தீங்களே. ஒரே ஒரு படம் போதுங்க. காரியத்துக்கு வைக்கணும். அவ போன் எல்லாம் மண்ணோட போயிருச்சு. சொந்தக்காரங்க போன்ல எல்லாம் கூட்டத்துக்குள்ள எங்கேயோ நிக்கிறா.”

“அம்மா, கம்பியூட்டர் உழுந்து கெடக்கு. படமெல்லாம் உள்ளுக்குத்தான் ஈக்குது. எடுக்க ஏலாம ஈக்கேன்” என்றார் நானா.

“எத்தன நாளா?”

“பத்து நாளாச்சி.”

“அப்ப மண்ணு விழுகுறதுக்கு முன்னுக்கே பழுதாயிருச்சா? யாரு பழுதாக்குனது?”

நான் மேசைக்குப் பின்னால் நின்றேன். நானா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “நான்தாம்மா. என்ட கவனக்குறைவு.”

அந்த அம்மா அழவில்லை. “எம் புள்ள ஒருக்கா மண்ணுக்குள்ள போனா. நீங்க ரெண்டாந்தரம் ஒங்க பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கீங்க. ஒங்களுக்கும் பொம்பளப் புள்ளைங்க இருக்குல்ல?” என்றார். கீழே பேக்கரியில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நானாவுக்கு இரண்டு மகள்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அந்த அம்மா இறங்கிப் போகும்வரை அப்படியே நின்றார்.

மறுநாள் அவர் ஒரு காரியம் செய்தார். கல்யாண வீடியோக் கமெராவை முக்காலியில் வைத்து, அந்தத் திரையைப் பார்க்கத் திருப்பி, மெதுவோட்டத்தில் பதிவு செய்தார். கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடிய வரிகளைக் கமெராவின் சின்னத் திரையில் ஒவ்வொரு படமாக நகர்த்தி வாசித்தார். ஒரு வரியில் இயங்குதளத்தின் பதிப்பு எண் இருந்தது. அது பழைய எண் இல்லை.

அந்த எண்ணை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு காகிதம் ஒட்டியிருந்த ஓரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “கரண்ட் இல்ல தங்கச்சி. இது வேற” என்றார். குரலில் கோபம் இல்லை. “வழி வெளங்கிட்டுது. ஹட்டனுக்குப் போய்ட்டு வாரேன்.”

புதிய பதிப்புக்கு ஏற்றபடி அந்த இடைக் கோப்புகளைப் புதிதாக இறக்க வேண்டும். தலவாக்கலையில் இணையம் செத்துக் கிடந்தது. ஹட்டன் பாதையில் இரண்டு இடத்தில் மண் விழுந்திருந்தது. த்ரீவீலரும் நடையுமாகப் போய், ஒரு கூட்டாளியின் கடையில் இறக்கி, பின்னேரம் பென் டிரைவைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். கால்சட்டை முழங்கால்வரை சேறு. முதல் தடவை எழுத்துகள் ஓடி, வேறொரு வரியில் நின்றன. “வேற எடத்துல நிக்கிது. அது நல்லம்” என்றார். பன்னிரண்டு நாளில் அவர் முகம் கொஞ்சம் இளகியது அப்போதுதான். அடுத்த நாளும் போய் வந்தார். அதற்கு அடுத்த நாள் முற்பகலில் திரை ஒரு கணம் இருண்டு, கடவுச்சொல் கேட்கும் கட்டம் வந்தது. அதைத் தட்டினார்.

படங்கள் எல்லாம் இருந்தன. நான் ஏற்கெனவே திருத்தி முடித்திருந்த மிக அழகான ஒரு படத்தை எடுத்து, பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த பாடசாலைக்கு இருவரும் கொண்டுபோனோம். செத்த வீட்டுச் சனம் எல்லாம் அங்கேதான் கூடியிருந்தது. அந்த அம்மா படத்தை மடியில் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “இது யாருங்க?” என்று கேட்டார்.

“ஒங்கட மகள்தாம்மா.”

“எம் புள்ள கறுப்புங்க. இப்படி வெள்ளையா இருக்கமாட்டா. தாடைக்குக் கீழ ஒரு தழும்பு இருக்கும், சின்னதுல தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டது. அதக் காணோமே.”

தழும்பை எடுத்தது நான். எல்லா மணப்பெண்களுக்கும் செய்வதுபோல, ஒரு நிமிடத்தில் தடவி அழித்திருந்தேன். நிறத்தை ஏற்றியதும் நான்தான். திருத்தாத படங்களிலும் முகப்பூச்சு தழும்பைப் பாதி மறைத்துத்தான் இருக்கும். திரும்பி வரும் வழியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கல்யாணத்தன்று காலையில், அலங்காரத்துக்கு முன்னால், லயத்துப் பீலியடியில் தண்ணீர் பிடிக்க வாளியோடு நின்றவளைக் கொஞ்சநேரம் வீடியோ எடுத்திருந்தேன். “ஐயோ அக்கா, இப்ப எடுக்காதீங்க, மூஞ்சி கூட கழுவல” என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அந்தச் சிரிப்பில் முகத்தை ஒரு பக்கம் தூக்கியபோது தழும்பு தெரிந்தது. ஸ்டூடியோவுக்கு வந்ததும் நானா அந்த ஒரு கணத்தை நிறுத்தி எடுத்தார். வெளிச்சத்தைக் கூட்டட்டுமா என்று கேட்டேன். “ஒன்டையும் தொட வாணாம்” என்றார்.

அந்தப் படத்தை வாங்கிய அம்மா பெருவிரலைத் தழும்பின் மேல் வைத்தார். எடுக்கவே இல்லை. நானாவிடம், “இத மொதல்லயே குடுத்திருக்கலாம்ல” என்று மட்டும் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இருவரும் போனோம். மாலை போட்டு அந்தப் படத்தை வைத்திருந்தார்கள். என்னை உட்காரச் சொல்லி இலை போட்டார்கள். படம் எடுத்த அக்கா என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். நானா பாடசாலை வாசலருகே குடையோடு நின்றார். அவரை யாரும் வாங்க என்று சொல்லவில்லை. நான் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மா நகரத்துக்கு வரும்போதெல்லாம் ஸ்டூடியோவைக் கடக்கையில் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுவார். தோட்டத்துக் கல்யாணங்கள் ஒவ்வொன்றாக வேறு ஸ்டூடியோக்களுக்குப் போயின. நானா ஒருவரிடமும் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மை இல்லை. அவர் கேட்டார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் சிறுநீரகம் கெட்டு நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் போனேன். மகள் வெளியே போயிருந்தாள். “தங்கச்சி, செல்ல ஏதும் ஈக்கா?” என்றார். “ஒன்னும் இல்ல நானா” என்றேன். “சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த மாதம் மௌத்தாகிவிட்டார்.

இப்போது நான் ஹட்டனில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவைத் தேடிப் போனேன். அவருக்குப் புது வீடு எதுவும் கிடைக்கவில்லை; அதே கீழ் டிவிசன் லயத்தில்தான் இருக்கிறார். வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அமுக்கிய பட்டனை, கரண்ட் என்று சொன்னதை, நானா கடைசிவரை வாய் திறக்காததை. அவர் மரக்கறி அரிவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவரு உசுரோட இருக்கையில வந்து சொல்லியிருந்தா, நான் போயி ஒரு வார்த்த பேசியிருப்பேனே” என்றார்.

பிறகு அரிந்ததை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஏசுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. இருந்துவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை, எழுந்து போ என்றும் சொல்லவில்லை.